ஒலிம்பியாட் பதக்கமும் பல்கலைக்கழக வாசலும்: பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை

பாடசாலைகளில் நடைபெறும் பெற்றோர் சந்திப்புகளில் இப்போதெல்லாம் இரண்டு கேள்விகள் அடிக்கடி கேட்கப்படுகின்றன. ஒன்று: "டீச்சர், மகன் கணித ஒலிம்பியாட்டில மெடல் எடுத்திருக்கான். கெம்பஸ் கிடைக்க இது உதவுமா?" மற்றது: "ஏ.எல். படிக்கிற பிள்ளைய போட்டிக்கெல்லாம் கூட்டிட்டுப் போறீங்களே, இதுக்குப் புள்ளி ஏதும் போடுவாங்களா?"

முதல் கேள்வியைக் கேட்பவர் சான்றிதழ்களைக் கோவையில் சேர்த்து வைக்கிறார். இரண்டாவது கேள்வியைக் கேட்பவர், புள்ளி இல்லையென்றால் பிள்ளையைப் போட்டிக்கு அனுப்பமாட்டார். இருவரும் பிள்ளையின் நன்மையைத்தான் நினைக்கிறார்கள். ஆனால் இருவரிடமும் சரியான தகவல் இல்லை. தகவல் இல்லாத இடத்தில் வீண் செலவும் வீண் ஏமாற்றமும் வருகின்றன. சில வேளைகளில் உண்மையான ஒரு வாய்ப்பு கண்ணுக்கு முன்னாலேயே கைநழுவிப் போகிறது. எனவே கல்விப் போட்டிகளின் பெறுபேறுகள் பல்கலைக்கழக அனுமதியில் எங்கே கணக்கில் எடுக்கப்படுகின்றன, எங்கே எடுக்கப்படுவதில்லை என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

சுருக்கமான விடை இதுதான். இலங்கை அரச பல்கலைக்கழகங்களுக்கான பொதுவான அனுமதியில் போட்டிப் பெறுபேறுகளுக்குப் பெறுமதி பூச்சியம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில், அதுவும் குறிப்பிட்ட சில போட்டிகளுக்கு மட்டும், பெறுமதி உண்டு. ஆனால் போட்டியில் பங்குபற்றுவதால் பிள்ளையின் மூளைக்குக் கிடைக்கும் பயன் இந்த இரண்டு கணக்கிலும் அடங்காதது.

இசட் புள்ளி எப்படிக் கணிக்கப்படுகிறது?

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு மாணவர்களை இசட் புள்ளியின் அடிப்படையில் தெரிவு செய்கிறது. 2001 ஆம் ஆண்டு முதல் இந்த முறை நடைமுறையில் உள்ளது. பெயரைக் கேட்டால் சிக்கலாகத் தோன்றினாலும் கணக்கு எளிமையானது. ஒரு பாடத்தில் மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து, அந்தப் பாடத்துக்குத் தோற்றிய எல்லோருடைய சராசரிப் புள்ளியையும் கழிக்க வேண்டும். வரும் விடையை அந்தப் பாடத்தின் நியம விலகலால் வகுக்க வேண்டும். மூன்று பாடங்களுக்கும் இப்படிக் கிடைக்கும் பெறுமானங்களின் சராசரிதான் இறுதி இசட் புள்ளி.

ஓர் உதாரணம் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. பௌதிகவியலில் ஒரு மாணவிக்கு 70 புள்ளி. நாடளாவிய சராசரி 40, நியம விலகல் 15. அப்படியானால் அவருடைய இசட் பெறுமானம் 30 ஐ 15 ஆல் வகுக்க வரும் 2.00. இரசாயனவியலில் 1.25, உயிரியலில் 1.50 என வைத்துக்கொள்வோம். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 1.5833. இந்த நான்கு தசம தானங்களும் முக்கியமானவை. மருத்துவம், பொறியியல் போன்ற கற்கைநெறிகளின் வெட்டுப்புள்ளி நான்காவது தசம தானம் வரை பார்த்தே தீர்மானிக்கப்படுகிறது.

இந்தக் கணக்கில் ஒலிம்பியாட் பதக்கம் எங்கே வருகிறது? எங்கேயும் வருவதில்லை. தமிழ்மொழித் தினப் போட்டியின் அகில இலங்கை முதலிடமும் வருவதில்லை. மீலாத் போட்டிப் பரிசும் வருவதில்லை. ஆனால் அதே மாணவி பௌதிகவியலில் இன்னும் 10 புள்ளி கூடுதலாக எடுத்திருந்தால், அவருடைய இறுதி இசட் புள்ளி ஏறத்தாழ 0.22 உயர்ந்திருக்கும். வெட்டுப்புள்ளிக்கு அருகில் நிற்கும் ஒரு பிள்ளைக்கு அது மருத்துவ பீடத்துக்கும் வேறொரு பீடத்துக்கும் இடையிலான தூரம்.

இசட் புள்ளி கிடைத்த பிறகு ஒதுக்கீடு வருகிறது. கலைப்பிரிவுக் கற்கைநெறிகளுக்கு அகில இலங்கைத் திறமை அடிப்படையிலேயே தெரிவு நடக்கிறது. ஏனைய பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 சதவீதம் மாவட்டங்களுக்கு அவற்றின் சனத்தொகை விகிதப்படியும், 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. அம்பாறை, மட்டக்களப்பு, திருகோணமலை, புத்தளம், மன்னார், அநுராதபுரம் ஆகியவை இந்த 16 க்குள் அடங்கும். இந்தப் பங்கீட்டிலும் போட்டிச் சான்றிதழுக்கு இடமில்லை.

இது அநியாயமா?

"திறமையுள்ள பிள்ளைக்கு ஒரு புள்ளியாவது போடக்கூடாதா?" என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான ஆதங்கம்தான். ஆனால் சான்றிதழுக்குப் புள்ளி என்று வந்துவிட்டால் யார் பயனடைவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

கொழும்பில் ஒரு பிரபல பாடசாலையில் படிக்கும் பிள்ளைக்கு ஒலிம்பியாட் பயிற்றுவிப்பாளர் இருப்பார், முன்னாள் போட்டியாளர்கள் வந்து வகுப்பெடுப்பார்கள், கடந்தகால வினாத்தாள்கள் கையில் இருக்கும். மூதூரிலோ முசலியிலோ படிக்கும் பிள்ளைக்குச் சில வேளை உயர்தரக் கணித ஆசிரியரே இருக்கமாட்டார். சான்றிதழைக் கணக்கில் எடுக்காத இந்த முறை, வசதி குறைந்த பிரதேசப் பிள்ளைகளுக்கு ஒரு பாதுகாப்பு வேலி. மாவட்ட ஒதுக்கீடு எந்த நோக்கத்துக்காக உள்ளதோ, அதே நோக்கத்தை இந்த மௌனமும் காக்கிறது.

இதற்குச் சீனாவின் அனுபவம் நல்ல பாடம். அங்கே ஒரு காலத்தில் கணித, விஞ்ஞான ஒலிம்பியாட் வெற்றியாளர்களுக்குப் பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சையில் மேலதிகப் புள்ளி வழங்கப்பட்டது. விளைவு என்ன? ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் வரை ஒலிம்பியாட் டியூசன் பரவியது. ஆர்வத்துக்காக இருந்த போட்டி, புள்ளிக்கான இன்னொரு பரீட்சையாக மாறியது. இறுதியில் 2015 முதல் அந்த மேலதிகப் புள்ளிகளை நீக்குவதாக அந்நாட்டுக் கல்வி அமைச்சு அறிவித்தது.

வேறு சில நாடுகள் மற்றொரு வழியைத் தேர்ந்தெடுத்துள்ளன. பொதுவான தெரிவைத் தொடாமல், பக்கத்தில் ஒரு சிறிய கதவைத் திறக்கின்றன. பிரேசிலின் கம்பினாஸ் பல்கலைக்கழகம் 2019 இல் ஒலிம்பியாட் சாதனையாளர்களுக்கெனச் சில இடங்களை ஒதுக்கியது. இந்தியாவில் சென்னை ஐ.ஐ.டி. 2025 - 2026 கல்வியாண்டு முதல் ஒலிம்பியாட் திறமைக்காக மேலதிக இடங்களை உருவாக்கியுள்ளது. அது இந்தியப் பிரஜைகளுக்கானது. இப்படியான ஏற்பாடொன்றைப் பற்றி நமது நாட்டிலும் பேசலாம். ஆனால் அது பொதுப் பட்டியலில் இருந்து ஓர் இடத்தைக்கூட எடுக்காத மேலதிக இடமாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

உள்நாட்டில் உள்ள சிறிய வாசல்கள்

இலங்கையிலும் இசட் புள்ளிக்கு வெளியே சில ஒடுக்கமான வாசல்கள் உண்டு. மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் அனுமதிக் கைநூலில் விசேட ஏற்பாடுகள் என்று ஒரு பகுதி இருக்கிறது. படிப்புக்குப் புறம்பான துறைகளில் தேசிய, சர்வதேச மட்டங்களில் திறமை காட்டியவர்களுக்கான ஏற்பாடு அதில் ஒன்று. விளையாட்டு, கலாசாரம், சாரணியம், மாணவர் படையணி போன்றவை இதில் வருகின்றன. ஆகக் குறைந்த பல்கலைக்கழக அனுமதித் தகைமையைப் பெற்றிருக்க வேண்டும். இடங்கள் மிகச் சொற்பம். தனியான விண்ணப்பம் செய்ய வேண்டும். தேசிய மட்டச் சாதனை உள்ள பிள்ளைகளின் பெற்றோர், மற்றவர்களின் வாய்க்கேள்வியை நம்பாமல், பிள்ளை விண்ணப்பிக்கும் ஆண்டுக்குரிய கைநூலின் அந்தப் பகுதியை வரிக்கு வரி வாசிக்க வேண்டும். கைநூல் தமிழிலும் வெளிவருகிறது.

கட்டடக்கலை, வடிவமைப்பு, காண்பியக் கலை, விளையாட்டு விஞ்ஞானம் போன்ற சில கற்கைநெறிகளுக்கு உளச்சார்புப் பரீட்சை உண்டு. அங்கே பிள்ளையின் உண்மையான ஆற்றல்தான் பரீட்சிக்கப்படும். பல வருடங்கள் சித்திரப் போட்டிக்கு வரைந்து பழகிய கை அங்கே உதவும். நேர்முகப் பரீட்சை உள்ள கல்வி நிறுவனங்களிலும் தொழில்களிலும் சான்றிதழ்களைக் கேட்டுப் பார்ப்பது வழக்கம். ஆகவே சான்றிதழை வீசிவிடச் சொல்லவில்லை. அதை வைத்து மருத்துவ பீடக் கனவைக் கட்ட வேண்டாம் என்றே சொல்கிறேன்.

வெளிநாட்டு விண்ணப்பங்களில் நிலைமை வேறு

வெளிநாடு என்று பொதுவாகப் பேசுவது தவறு. நாட்டுக்கு நாடு முறை மாறுகிறது.

அமெரிக்காவின் உயர்மட்டப் பல்கலைக்கழகங்கள் விண்ணப்பதாரியை முழு மனிதராகப் பார்க்க முயல்கின்றன. பரீட்சைப் புள்ளி, கட்டுரை, ஆசிரியர்களின் சிபாரிசுக் கடிதம், பாடசாலைக்கு வெளியே செய்தவை எல்லாம் சேர்ந்து எடைபோடப்படுகின்றன. அங்கு பல பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொள்ளும் பொது விண்ணப்பப் படிவத்தில் செயற்பாடுகளுக்குப் பத்து இடங்களும், கல்விசார் கௌரவங்களுக்கு ஐந்து இடங்களும் மட்டுமே உள்ளன. கோவை நிறையச் சான்றிதழ் வைத்திருந்தாலும் எழுதக்கூடியது ஐந்துதான். அந்த ஐந்தில் ஒன்று சர்வதேச கணித ஒலிம்பியாட் அணியில் இடம் என்றால் அதைப் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். தேசிய ஒலிம்பியாட்டில் முன்னணி இடம் என்றாலும் கவனிப்பார். இணையவழியில் பங்குபற்றிய எல்லோருக்கும் கொடுக்கப்பட்ட தங்கப் பதக்கம் என்றால் கடந்து போவார்.

இங்கே இரண்டு உண்மைகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதலாவது, எம்.ஐ.டி. போன்ற இடங்களில் விண்ணப்பிப்போரில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவானவர்களே அனுமதி பெறுகிறார்கள். பதக்கம் பெற்றவர்களில் பலரும் நிராகரிக்கப்படுகிறார்கள். பதக்கம் கதவைத் தட்டும், திறந்து கொடுக்காது. இரண்டாவது, ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. போன்ற சில பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர்களின் அனுமதியைத் தீர்மானிக்கும்போது குடும்பத்தின் பண வசதியைப் பார்ப்பதில்லை. அனுமதி கிடைத்தால் தேவைக்கேற்ற நிதியுதவியும் வழங்குகின்றன. ஆகவே சாதாரண வியாபாரியின் மகளோ விவசாயியின் மகனோ, திறமை இருந்தால், விண்ணப்பிக்கவாவது தடையில்லை. நமது ஊர்களில் இந்தச் செய்தி தெரிந்த குடும்பங்கள் மிகக் குறைவு.

பிரித்தானியாவில் பாட ஆற்றலுக்கே முதலிடம். ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் போன்றவை பல கற்கைநெறிகளுக்குத் தமது சொந்த நுழைவுப் பரீட்சையையும் நேர்முகத்தையும் வைத்திருக்கின்றன. கேம்பிரிட்ஜில் கணிதம் படிக்க ஸ்டெப் எனப்படும் பரீட்சையில் தேற வேண்டும். ஒலிம்பியாட் பதக்கம் அங்கே நிபந்தனை அல்ல. ஆனால் ஒலிம்பியாட் கணக்குகளோடு இரண்டு மூன்று வருடங்கள் மல்லுக்கட்டிய பிள்ளைக்கு அந்தப் பரீட்சையும் நேர்முகமும் அந்நியமாகத் தெரியாது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் பரீட்சைப் பெறுபேற்றுடன் ஏனைய சாதனைகளையும் கருத்தில் கொள்ளும் ஓர் அனுமதி முறையை வைத்திருக்கிறது. வேறு பல நாடுகளிலோ உயர்தரப் பெறுபேறும் ஆங்கில மொழித் தகைமையுமே பிரதானம்.

எங்கே விண்ணப்பித்தாலும் ஆசிரியர்களாகிய எங்களுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. நாங்கள் எழுதிக் கொடுக்கும் கடிதங்கள் பெரும்பாலும் நற்சான்றுப் பத்திரத்தின் மறுபதிப்பாகவே இருக்கின்றன. "ஒழுக்கமானவர், பணிவானவர், கடமையுணர்வுள்ளவர்" என்ற மூன்று சொற்களோடு முடிந்துவிடுகிறது. வெளிநாட்டு அனுமதி அதிகாரி எதிர்பார்ப்பது அதுவல்ல. இந்தப் பிள்ளை எந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டு என்ன செய்தது, எந்தக் கேள்வியை எழுப்பியது, தோற்ற பிறகு எப்படி மீண்டது என்று ஆசிரியர் கண்டதைத்தான் அவர் தேடுகிறார். போட்டிக்குத் தயார்படுத்திய ஆசிரியரிடம் அந்த விபரங்கள் நிறைய இருக்கும். அவற்றை எழுதப் பழக வேண்டும்.

எது உண்மையான போட்டி?

ஒலிம்பியாட் என்ற பெயருக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. யார் வேண்டுமானாலும் ஒரு போட்டியை நடத்தி அந்தப் பெயரை வைத்துக்கொள்ளலாம். இதனால்தான் குழப்பம்.

சர்வதேச கணித ஒலிம்பியாட் 1959 இல் ருமேனியாவில் ஆரம்பமானது. இலங்கை 1995 முதல் அதில் பங்குபற்றி வருகிறது. ஒரு நாட்டிலிருந்து ஆகக்கூடியது ஆறு பேர்தான் போகலாம். அந்த ஆறு பேரும் நாட்டுக்குள் நடக்கும் போட்டிகளின் ஊடாகப் படிப்படியாகத் தெரிவு செய்யப்படுகிறார்கள். கணிதத்துக்கு இலங்கை ஒலிம்பியாட் கணித மன்றம், இரசாயனவியலுக்கு இலங்கை இரசாயனவியல் நிறுவகம், உயிரியலுக்கு இலங்கை உயிரியல் நிறுவகம் என்று துறைசார் அமைப்புகள் உள்நாட்டுப் போட்டிகளை நடத்துகின்றன. கல்வி அமைச்சும் வலயம், மாகாணம், தேசியம் எனப் பல மட்டங்களில் போட்டிகளை நடத்துகிறது.

இவற்றுக்கு அப்பால், கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்தப்படும் வணிகப் போட்டிகள் ஏராளம். எல்லாமே மோசம் என்று சொல்லமாட்டேன். பிள்ளைக்குப் பயிற்சியாக அமையும் சிலவும் உண்டு. ஆனால் பணம் கட்டுவதற்கு முன் பெற்றோர் ஐந்து கேள்விகளைக் கேட்க வேண்டும்.

1. நடத்துவது யார்? துறைசார் நிறுவகமா, பல்கலைக்கழகமா, கல்வி அமைச்சா, அல்லது முகவரி தெரியாத ஓர் இணையத்தளமா?
2. கடந்தகால வினாத்தாள்களைப் பார்க்க முடியுமா? தரமான போட்டிகள் அவற்றை மறைப்பதில்லை.
3. பங்குபற்றியவர்களில் எத்தனை பேருக்குப் பதக்கம்? பாதிப் பேருக்கு மேல் தங்கம் என்றால் அந்தத் தங்கத்துக்கு விலையில்லை.
4. அடுத்த சுற்றுக்குப் போகத் தேவைப்படுவது திறமையா, பணமா? வெளிநாட்டில் இறுதிச் சுற்று, பயணச் செலவு இலட்சக்கணக்கில் என்று கடிதம் வந்தால் நின்று யோசியுங்கள்.
5. வலயக் கல்வி அலுவலகத்துக்கோ பாடசாலைக்கோ இந்தப் போட்டி பற்றி ஏதேனும் சுற்றறிக்கை வந்திருக்கிறதா?

நகையை அடகு வைத்துப் பிள்ளையை இறுதிச் சுற்றுக்கு அனுப்பத் துணியும் பெற்றோர் நம் மத்தியில் உண்டு. அவர்களின் பாசத்தில் குறை காண முடியாது. ஆனால் அந்தப் பணம் ஒரு நல்ல ஆங்கில வகுப்புக்கோ, உயர்தரப் பாட நூல்களுக்கோ போயிருந்தால் பிள்ளைக்குப் பல மடங்கு பயன் கிடைத்திருக்கும்.

பன்னிரண்டு நிமிடமும் தொண்ணூறு நிமிடமும்

அனுமதியில் பயனில்லை என்றால் உள்நாட்டில் படிக்கப்போகும் பிள்ளை எதற்காகப் போட்டிக்குப் போக வேண்டும்? கணித ஆசிரியை என்ற வகையில் இதற்கு எண்களால் பதில் சொல்கிறேன்.

உயர்தர இணைந்த கணிதப் பாடத்தில் ஒரு வினாத்தாளுக்கு மூன்று மணித்தியாலம். பகுதி அ வில் பத்து வினாக்கள், பகுதி ஆ வில் ஏழில் ஐந்து. மொத்தம் பதினைந்து வினாக்களுக்கு 180 நிமிடம். சராசரியாக ஒரு வினாவுக்குப் பன்னிரண்டு நிமிடம். சர்வதேச கணித ஒலிம்பியாட்டில் ஒரு நாளைக்கு நான்கரை மணித்தியாலம், மூன்றே மூன்று வினாக்கள். ஒரு வினாவுக்குத் தொண்ணூறு நிமிடம்.

இரண்டும் இரண்டு விதமான ஆற்றல்களைக் கேட்கின்றன. முதலாவது, படித்த முறையை விரைவாகவும் பிழையின்றியும் பிரயோகிக்கும் ஆற்றல். இரண்டாவது, வழி தெரியாத இடத்தில் பதற்றமில்லாமல் நின்று யோசிக்கும் ஆற்றல். இசட் புள்ளி முதலாவதைத்தான் அளக்கிறது. பல்கலைக்கழகத்தின் உள்ளே போன பிறகு தேவைப்படுவது பெரும்பாலும் இரண்டாவது.

தரம் 8 பிள்ளைக்கும் புரியும் ஒரு கணக்கைச் சொல்கிறேன். கரும்பலகையில் 1 முதல் 100 வரை எண்கள் எழுதப்பட்டுள்ளன. ஏதேனும் இரண்டு எண்களை அழித்து, அவற்றின் வித்தியாசத்தை எழுத வேண்டும். இப்படியே தொடர்ந்தால் கடைசியில் ஓர் எண் மட்டும் மிஞ்சும். அது ஒற்றை எண்ணா, இரட்டை எண்ணா? பிள்ளைகள் முதலில் ஒவ்வொன்றாக அழிக்கப் பார்ப்பார்கள். ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு விடை வரும். ஆனால் எல்லோருடைய விடையும் இரட்டையாகவே இருக்கும். ஏன்? இரண்டு எண்களின் கூட்டுத்தொகை இரட்டையானால் வித்தியாசமும் இரட்டை. கூட்டுத்தொகை ஒற்றையானால் வித்தியாசமும் ஒற்றை. எனவே பலகையிலுள்ள எண்களின் மொத்தம் ஆரம்பத்தில் இரட்டையாக இருந்தால் இறுதிவரை இரட்டையாகவே இருக்கும். 1 முதல் 100 வரையான கூட்டுத்தொகை 5050. அது இரட்டை. ஆகவே மிஞ்சும் எண்ணும் இரட்டை. சூத்திரம் எதுவும் தேவைப்படவில்லை. மாறுகின்ற பலவற்றுக்கு நடுவில் மாறாத ஒன்றைத் தேடும் பழக்கம் மட்டும் போதுமாக இருந்தது. அந்தப் பழக்கம் பிற்காலத்தில் பொறியியலாளருக்கும் வைத்தியருக்கும் கணக்காளருக்கும் கைகொடுக்கும்.

ஆசிரியர் கலாசாலையில் ஊக்கல் பற்றி எங்களுக்குப் படிப்பித்தார்கள். பரிசுக்காக மட்டும் செய்யும் வேலை, பரிசு நின்றதும் நின்றுவிடும். உள்ளார்ந்த ஆர்வத்தால் செய்யும் வேலை தொடரும். வகுப்பறையில் இது நூற்றுக்கு நூறு உண்மை. "இதுக்குப் புள்ளி இருக்கா?" என்று வீட்டில் கேட்டுக் கேட்டு வளரும் பிள்ளை, புள்ளி இல்லாத எதையும் தொடாத பிள்ளையாக மாறிவிடுகிறது.

எந்த வயதில், எவ்வளவு?

எதற்கும் ஒரு காலம் உண்டு. என் பரிந்துரை இது.

தரம் 6 முதல் 9 வரை பிள்ளை விரும்பும் போட்டிகளில் தாராளமாகப் பங்குபற்றட்டும். தோல்வியைப் பழக இதைவிட மலிவான வயது கிடையாது. தரம் 10, 11 இல் ஆர்வம் தெளிவான ஓரிரு துறைகளை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. உயர்தரத்தின் முதல் வருடத்திலும் தொடரலாம். இரண்டாம் வருடத்தில், ஏற்கெனவே தேசிய அணிப் பயிற்சிக்குத் தெரிவாகியுள்ள பிள்ளையைத் தவிர, மற்றவர்கள் உயர்தரத்திலேயே கவனம் செலுத்த வேண்டும். இந்த இறுதி வருடத்தில் பாடசாலையின் பெயருக்காக ஒரு பிள்ளையை வாரக்கணக்கில் ஒத்திகைக்கு இழுப்பது நியாயமல்ல. கேடயம் பாடசாலையின் அலுமாரியில் இருக்கும். இசட் புள்ளியின் இழப்பு பிள்ளையின் வாழ்க்கையில் இருக்கும். அதிபர்களும் பொறுப்பாசிரியர்களும் இதை மனச்சாட்சியோடு பார்க்க வேண்டும்.

வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும் எண்ணமிருந்தால் தரம் 10 இலேயே அதை முடிவு செய்து கொள்வது நல்லது. எட்டுப் போட்டிகளில் தலை காட்டுவதை விட ஒரு துறையில் ஆழமாகப் போக வேண்டும். ஆங்கிலத்தை வளர்க்க வேண்டும். எம்.ஐ.டி. உட்படப் பல இடங்கள் கேட்கும் சாட் பரீட்சைக்கும் தயாராக வேண்டும். ஒவ்வொரு போட்டியின் பெயர், ஆண்டு, நடத்திய அமைப்பு, மட்டம், பெற்ற இடம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி, சான்றிதழ்களைப் பிரதியெடுத்து வைக்க வேண்டும். மூன்று வருடத்துக்குப் பிறகு தேடினால் கிடைக்காது.

அறிவித்தல் பலகைக்கு வராத கடிதம்

கடைசியாக ஒரு விடயம். கட்டணப் போட்டிகளின் விளம்பரம் எல்லாப் பெற்றோரின் வட்ஸ்அப்புக்கும் வந்து சேர்கிறது. தரமான போட்டிகளின் அறிவித்தலோ பாடசாலைக் காரியாலயத்துக்குக் கடிதமாக வந்து, கோவைக்குள் போய், விண்ணப்ப முடிவுத் திகதிக்குப் பிறகு வெளியே வருகிறது. நமது பாடசாலைகள் பலவற்றிலிருந்து இவற்றுக்கு விண்ணப்பம் போவதே குறைவு. "நம்ம பிள்ளைகளுக்கு இது சரிவராது" என்று ஆசிரியர்களே தீர்மானித்துவிடுவதும் உண்டு. பெண் பிள்ளை என்றால் தூரப் பயணம், தங்குமிடம் என்று இன்னும் இரண்டு தடைகள் சேர்கின்றன. பெண் ஆசிரியைகள் கூடச் செல்வது, தாய்மாரையும் அழைத்துச் செல்வது போன்ற ஏற்பாடுகளால் இவற்றைத் தீர்க்க முடியும்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் பெரிதாக எதுவும் செய்யத் தேவையில்லை. ஆண்டின் ஆரம்பத்தில் தரமான போட்டிகளின் பட்டியலையும் விண்ணப்பத் திகதிகளையும் அறிவித்தல் பலகையில் ஒட்டச் செய்யலாம். வினாத்தாள் தமிழ் மொழியிலும் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். விண்ணப்பக் கட்டணம் கட்ட முடியாத நான்கு பிள்ளைகளுக்கு அதைக் கட்டலாம். வாரத்தில் ஒரு நாள், பாடசாலை முடிந்து ஒரு மணித்தியாலம், பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஊர்ப் பிள்ளைகளை வைத்துக் கணக்கு வட்டம் ஒன்றை நடத்தலாம். இவ்வளவுக்கும் ஒரு பரிசளிப்பு விழாவின் செலவில் கால்வாசியும் ஆகாது.

பெற்றோரிடம் நான் கேட்பது இரண்டே இரண்டு. மெடல் வந்தால் சந்தோசப்படுங்கள், ஆனால் கெம்பஸ் கிடைத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். மெடல் வராவிட்டால் போட்டியை நிறுத்தாதீர்கள். பிள்ளை ஒரு கணக்கோடு தொண்ணூறு நிமிடம் உட்காரப் பழகியிருந்தால், அதற்கு யாரும் சான்றிதழ் தரத் தேவையில்லை.